மலையோரமாக ஒதுங்கு

திருமலையின் அடிவாரத்தில் இருபது வருஷமாக நூலக வேலை பார்க்கிறேன். ஒருமுறைகூட அந்த மலையை நடந்து ஏறியதில்லை. பஸ்ஸில்தான் போவேன், அதிலும் இரண்டாவது வளைவு வருவதற்குள் மனைவி பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டிவிடுவாள். இப்பேர்ப்பட்ட நான்தான், இமயமலையில் லாரி ஓட்டப் போன என் மச்சானுக்கு, மலையில் எப்படிப் பிழைப்பது என்று போனில் வகுப்பெடுத்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. கங்காதர நெல்லூர்ப் பக்கம் கரும்பு லோடு அடித்துக்கொண்டிருந்தவன். மலையைக் குடைந்து பாதை போடும் காண்ட்ராக்டர் ஒருவரிடம் டிப்பர் ஓட்ட வடக்கே போனான். அவன் ரயிலேறிய வாரமே நான் நூலகத்தில் இருந்த இமயமலைப் புத்தகங்களை எல்லாம் மேஜைக்குக் கொண்டுவந்துவிட்டேன். படித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனைக் கூப்பிட்டேன்.

ஆனால் வம்பாய்ப் போன அந்த ஒரு யோசனை எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல. எங்கள் பக்கத்து நாகலாபுரத்து மலையில் ஆடு மேய்க்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை வந்தால் ஓடைப் பக்கம் நிற்கக் கூடாது, பாறையடியில் ஒதுங்க வேண்டும். எங்கள் ஓடைகள் வருஷம் பூராவும் காய்ந்து கிடந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று வந்து ஆளை இழுத்துப் போகும். பாறை எங்கேயும் போகாது.

"மழ புடிச்சிக்கினா வண்டிய ஆத்துப் பக்கம் நிறுத்தாத. மலையோரமா ஒதுங்கிக்கோ" என்றேன்.

"சரி மாமா" என்றான்.

நான்காம் நாள் காண்ட்ராக்டரின் ஆட்களிடமிருந்து போன் வந்தது. பெருமழையில் மலையோரமாக நின்ற வண்டியின் மேல் மலை இறங்கிவிட்டது. உயிர் இருக்கிறது, வலது காலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

ரயிலில் இரண்டு நாள், பஸ்ஸில் ஒரு நாள். பஸ் மலையேறத் தொடங்கிய அரைமணியில் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் மலைகள் குண்டு குண்டாய்க் கல். யாரோ கொட்டிவிட்டு அள்ள மறந்த மாதிரி கிடக்கும். பகலெல்லாம் அடுப்பாய்க் காயும். வெடி வைத்தால் ஒழிய நகராது. அங்கே மலை என்று நிற்பது மண்ணும் நொறுங்கிய கல்லும்தான். தேவதாரு மரங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. சாலைக்காக அடியில் வெட்டிய இடங்களில் மரமும் இல்லை; மலை தோலுரிந்து, ஈரம் கசிந்து, சாலைப் பக்கம் சாய்ந்து நின்றது. ஆறோ எங்கோ பாதாளத்தில் ஓடியது. அதைப் பார்த்துத்தான் பயப்படச் சொல்லியிருந்தேன். அன்று அத்தனை வளைவுக்கும் எனக்கு வாந்திகூட வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்திருந்தார்கள். அவன் மருந்து மயக்கத்தில் கிடந்தான். அடுத்த கட்டிலில், புல் அறுக்கப் போய்ச் சரிவில் உருண்ட ஒரு மனிதர். அவர் மனைவி எனக்கு இரண்டு ரொட்டி கொடுத்துவிட்டு, என் சினிமா ஹிந்திக்கு ஏற்றபடி மெதுவாகப் பேசினாள்.

"உங்கள் ஊரில் மலை உண்டா?"

"உண்டு."

"விழுமா?"

"விழாது" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"பின்னே எதற்கு இவன் இங்கே வந்தான்?"

எங்கள் மலை விழாது, ஆனால் சோறும் போடாது என்று சொல்ல எனக்கு ஹிந்தி போதவில்லை. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் தில்லி ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறார்களாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருப்பதி ஓட்டல்களில் கழுவுகிறார்கள். அவர்கள் ஊர்ப் பெண்கள் புல்லுக்கட்டை முதுகில் சுமக்கிறார்கள், எங்கள் பெண்கள் தலையில். இமயத்துக்கும் எங்களுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி, அத்தனை புத்தகம் படித்தும், எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

ஊருக்குக் கூட்டி வந்தோம். இப்போது பால் சேகரிக்கும் இடத்தில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பால் அளக்கிறான். ஞாயிறுதோறும் அவன் வீட்டுக்குப் போவேன். யார் சொல்லி அவன் அங்கே நின்றான் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போவேன். அவன் மனைவி "வாங்கண்ணா" என்று மரியாதையாக டீ கொடுப்பாள். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல், டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இப்படியே ஒரு வருஷம் போயிற்று.

போன மாதம் அவன் பால் அளக்கிற இடத்துக்கே போய்ச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கி மலையோரமா நிக்கச் சொன்னது நான்தான்டா. என் பேச்சக் கேட்டுத்தான் ஒன் காலு போச்சி."

அவன் கேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னா மாமா சொன்ன? எப்போ?"

எந்த ஞாயிறு, என்ன சொன்னேன், அவன் என்ன பதில் சொன்னான், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் நிதானமாகக் கேனை மூடினான்.

"நீ மலையப் பத்தி ஆரம்பிச்சாலே, போனத் தூக்கி சீட்டு மேல வெச்சிட்டு வண்டி கழுவிக்கினு இருப்பேன் மாமா. நடுவுல வந்து ஒரு 'சரி' சொல்லிட்டுப் போவேன். அன்னிக்கி அங்க நின்னது டீக்கடை இருந்துச்சின்னு. டீயும் நல்லா இல்ல."