டோரதி டீச்சரின் பின்னல் கோலாட்டம்

டோரதி டீச்சரைப் பத்திச் சொல்லணும்னா அவங்க காலைத்தான் முதல்ல சொல்லணும். வீங்கின கால். படுத்த படுக்கையாக் கிடந்த அம்மாவைத் துடைச்சு, கஞ்சி ஊட்டிட்டு, புத்தூரிலிருந்து நடந்தே ஸ்கூலுக்கு வருவாங்க. வந்தா நாள் பூரா வெயில்ல நிக்கணும். டிரில் டீச்சராச்சே. நான் அங்கே ஆயா. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ல வருவேன்.

வருஷா வருஷம் அவங்களுக்கு டெம்பரரி வேலைதான். அம்பத்தெட்டாம் வருஷம்னு நெனைக்கிறேன், ஸ்கூல் இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்துத் திருப்திப்பட்டா நிரந்தரம், இல்லேன்னா வேற ஆள்னு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் மதர் சொல்லிட்டாங்க. பிள்ளைங்க பின்னல் கோலாட்டம் ஆடட்டும், ஆனா ஆர்டரெல்லாம் இங்கிலீஷ்லன்னு கண்டிஷன்.

தமிழ்ல நமக்கு எல்லாமே சுத்துறதுதான், இங்கிலீஷ்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வார்த்தை. டீச்சர் எனக்கே புரியும்படி சொல்லுவாங்க: "உங்க ரங்கநாதர் தேரு வீதியைச் சுத்தி வருதில்ல, அது ரிவால்வ். தேர்ச்சக்கரம் தன் அச்சுல சுத்துறது ரொட்டேட். பம்பரமாட்டம் நின்ன இடத்துல வேகமாச் சுத்தினா ஸ்பின். விரல்ல குச்சியை விளையாட்டாச் சுழட்டினா ட்விர்ல்."

கம்பத்தோட உச்சியில கலர் நாடாக்கள். நடுவுல கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நான். ஒரு கையில நாடா, மறு கையில கோலாட்டக் குச்சியோட பிள்ளைங்க கம்பத்தை ரிவால்வ் பண்ணினா ஜடை மாதிரி பின்னல் விழும்.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்னைக்கு டீச்சர் முகமே சரியில்லை. ராத்திரி முழுக்க அம்மாவுக்குக் காய்ச்சல்.

"உட்காந்தே ஆர்டர் குடுங்க டீச்சர்."

"உட்காந்தா எந்திரிக்க மாட்டேன் பொன்னுத்தாயி."

விசில் ஊதினாங்க. அசதியில, ரிவால்வ் சொல்ல வேண்டிய இடத்துல "ஸ்பின்"னு சொல்லிட்டாங்க. அத்தனை பிள்ளைகளும் நின்ன இடத்துலயே கிறுகிறுன்னு சுத்த, நாடா கழுத்திலயும் இடுப்பிலயும் சுருட்டிக்கிச்சு. கம்பம் சாய்ஞ்சுது. நான் விடலை.

"என்ன டோரதி, ஆட்டமா, வலையில விழுந்த மீனா?"ன்னாங்க மதர்.

இன்ஸ்பெக்டரம்மா முன்வரிசைப் பிள்ளைகிட்ட, "ஏம்மா, கம்பத்தைச் சுத்தலை?"ன்னு கேட்டாங்க.

அது சுராயா. வாயாடி. "டீச்சர் ஸ்பின்தானே சொன்னாங்க மேடம்!"

"பிள்ளைங்க மேல தப்பில்லைங்க. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்"னாங்க டீச்சர்.

இன்ஸ்பெக்டரம்மா ரெண்டு அடி முன்னாடி வந்தாங்க. அப்புறம் அவங்களே, "ட்விர்ல்!"னாங்க. கட்டுண்டு கிடந்த பிள்ளைங்க கைக்குச்சியை விரல்ல சுழட்டிச்சுங்க. "ரிவால்வ்!"னாங்க. நாடாவையும் இழுத்துக்கிட்டு என்னைச் சுத்திக் கிளம்பிடுச்சுங்க. என்னையும் சேர்த்துப் பின்னிடுச்சுங்க.

"மதர், டீச்சர் தப்பாச் சொன்னதைக்கூடப் பிள்ளைங்க சரியாச் செய்யுது. நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க"ன்னு சிரிச்சுட்டாங்க.

நிரந்தர ஆர்டர் வந்த அன்னைக்கு டீச்சர் சந்தோஷப்படக்கூட இல்லை. மடிச்சுப் பையில வெச்சுட்டு, "இனிமே எனக்கு ஒரு சேர் போடுவாங்களா பொன்னுத்தாயி?"ன்னாங்க.

மதர் ரூமிலிருந்து ஒண்ணைத் தூக்கிட்டு வந்து வேப்பமரத்தடியில போட்டேன். யாரையும் கேக்கலை. திருப்பிக் கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.