எடுவிகெஸ் சித்தியின் போன் பாட்டு

குவாத்தமாலாவில் எங்கள் சந்தை ஊரில், சாவு வீட்டு ஒன்பது நாள் ஜெபத்தை நடத்துபவர் எடுவிகெஸ் சித்தி. ஜெபங்களைப் போனில்தான் எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார். சிம் நிறுவனமே விற்ற போன் அது. அவர்கள் எந்த மாடலை இறக்குகிறார்களோ அதுதான் எங்கள் கடைகளுக்கு வரும். அதற்குள் அவர்கள் திணித்து அனுப்பிய ஆப்கள் மட்டும் பதினொன்று. பாரம் தாங்காமல் ஜெபத்தின் நடுவே போன் உறைந்துவிடும். அணைத்துப் போட்டால், நிறுவனத்தின் கும்பியா குத்துப்பாட்டு முழுச் சத்தத்தில் அலறும்.

ஊர்ப் பெரியவர் டான் லிசாந்த்ரோ இறந்த வீட்டில் ஆறாம் நாள் அப்படித்தான் ஆயிற்று. அவர் மனைவி முறைத்தார்.

"இன்னொரு தடவை பாட்டுப் போட்டீங்க, ஜெபத்துக்குப் பக்கத்துத் தெரு ஹசிந்தாவைக் கூப்பிட்டுக்குவேன்."

சித்தி போனை என்னிடம் நீட்டினார். எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான், அதுவும் கணினியில்.

"எல்லாத்தையும் அழிச்சிருடா."

"முடியாது சித்தி. விக்கிறதுக்கு முன்னாடியே உள்ள பதிச்சு வச்சிருக்காங்க. பாட்டும் அப்படித்தான், சத்தம்கூட குறையாது."

"அஞ்சு வருஷம் என்னத்தடா படிச்ச?"

ஒன்பதாம் நாள் போன் மறுபடி உறைந்தது. சித்தி அசரவில்லை; போனை அணைத்துப் போட்டுக்கொண்டே குரல் கொடுத்தார்.

"எல்லாரும் எழுந்திருங்க! டான் லிசாந்த்ரோவுக்கு மோட்சத்துல கேக்கணும். மாதா பாட்டைத் தொண்டை கிழியப் பாடுங்க!"

அறுபது பேர் பாடிய பாட்டில் கும்பியா அமுங்கிப் போயிற்று. டான் லிசாந்த்ரோவின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படி உருகி யாருமே ஜெபிச்சதில்ல. வருஷ நினைவுக்கும் நீங்கதான் வரணும்" என்று தமால் பலகாரத் தட்டை நீட்டினார்.

வீடு திரும்பும்போது சித்தி கவலையோடு கேட்டார்.

"அடுத்த போன்ல அவனுக பாட்டு இன்னும் நீளமா வருமாடா? மாதா பாட்டுல எனக்கு மூணு சரணம்தான் தெரியும்."