எட்டுக்காலார் மென்பொருள் பார்த்த படலம்

எங்கள் வீட்டில் ஒட்டடைக்கோல் இருக்கிறது. ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் என் கணவரிடம் அனுமதி வாங்க வேண்டும். குளியலறை ஜன்னலில் இருக்கும் சிலந்தி முட்டை வைத்திருக்கிறதாம். சமையலறை அலமாரிக்குப் பின்னால் இருப்பது இப்போதுதான் தோலுரித்திருக்கிறதாம். கூடத்து விளக்கில் தொங்கும் சிலந்திக்குக் கூச்ச சுபாவமாம், அதை அதட்டக்கூடக் கூடாதாம். விருந்தாளிகள் வந்தால் அவர்கள் கண்ணில் மூலைகள் படாதபடி நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுவிடுவேன். வேறு என்ன செய்ய?

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிகளிலும் மொட்டைமாடி மோட்டார் அறைகளிலும் மனிதர்கள் கால் வைப்பதில்லை, அதனால் அங்கெல்லாம் சிலந்திகளின் ராஜ்ஜியம். கல்யாணமான புதிதில் என்னைப் படம் எடுக்கத்தான் என்று சொல்லி ஒரு கேமரா வாங்கினார். நானும் நம்பினேன். இப்போது கணினியில் சிலந்திகள் ஊர்வலம் போகின்றன, நான் அங்கங்கே ஓரமாக நிற்கிறேன். குடியிருப்பில் அவருக்கு 'எட்டுக்கால்' என்று பெயர். லிஃப்ட் நின்றுபோகும் நாளில் மட்டும் 'எட்டுக்காலார்' என்று மரியாதை கூடிவிடும். எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. தான் எடுத்த படம் ஒரு புத்தகத்தில் வர வேண்டும், அதன் அடியில் தன் பெயர் இருக்க வேண்டும். பத்திரிகைகளுக்கும் போட்டிகளுக்கும் அனுப்பி அனுப்பிக் களைத்துவிட்டார். ஒருவரும் வேண்டாம் என்றுகூடப் பதில் போட்டதில்லை.

குறை படத்தில் இல்லை, படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தும் மென்பொருளில்தான் என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. நின்றுபோன லிஃப்டின் கதவில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லும் மனிதர், ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முடியாமல் வருஷக்கணக்கில் திண்டாடினார். வெள்ளோட்டம் பார்க்க ஒவ்வொன்றும் ஒரு மாதம் இலவசமாகக் கிடைக்கும். ஒன்றை இறக்குவார், மாதம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவுவார். பெண்ணுக்கு வரன் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு குற்றம் கண்டுபிடித்ததில்லை.

அவற்றின் நிஜப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. நானும் மகளும் வேறு பெயர்கள் வைத்தோம். மாதாமாதம் பணம் கேட்டதற்கு 'வாடகைக்காரன்'. "வீட்டுக்குத்தான் வாடகை குடுக்கறேன், என் சிலந்திக்கும் குடுக்கணுமா?" என்று அதைத் துரத்தினார். திரை முழுக்க இருட்டாக இருந்ததற்குக் 'கரிச்சட்டி'. நல்ல உழைப்பாளிதான், ஆனால் சிலந்தியின் மஞ்சளைக் கொஞ்சம் வெளிறக் காட்டுகிறது என்று அதையும் தள்ளிவைத்தார். சொன்னவுடன் எல்லாவற்றையும் செய்து முடிப்பதற்கு 'அவசரம்'. அதைக் கொஞ்ச நாள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

இதில் கூத்து என்னவென்றால், புதிதாக எது வந்தாலும் பழைய படங்களிலிருந்துதான் தொடங்குவார். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து நட்சத்திரம் போடுவார். பாதி தூரம் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும், அந்த மென்பொருளுக்குள் போட்ட நட்சத்திரங்கள் அதோடு போய்விடும். அடுத்ததில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எங்கள் பழைய வீட்டுப் பால்கனிச் சிலந்தி எல்லா மென்பொருளிலும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. அண்மையில் எடுத்த படங்களை அவரே பார்த்ததில்லை.

"அப்பா, ஒரு தடவையாவது கடைசியிலேர்ந்து ஆரம்பிங்களேன்" என்று மகள் கேட்டாள்.

"முறைன்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார்.

இந்த நிலையில்தான் ஒரு மின்னஞ்சல் வந்தது. கல்லூரிப் பேராசிரியை ஒருவர், சிலந்திகளையே ஆராய்பவர், கையேடு ஒன்று எழுதுகிறாராம். சிலந்தி ஆர்வலர்கள் குழு ஒன்றில் இவர் சில வருஷங்களுக்கு முன்பு போட்ட படத்தைப் பார்த்திருக்கிறார். ஓர் அலுவலகக் கட்டடத்து மொட்டைமாடியில், மோட்டார் அறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே மஞ்சள் நூலில் வலை கட்டியிருந்த பெரிய சிலந்தி. அதைப் படமெடுத்த அன்று நான் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பாட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெளிச்சம் திருப்ப என் கையில் ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து வெயிலில் நிறுத்தினார். அந்தப் படத்துக்காகப் பேராசிரியை ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறாராம். குழுவில் இருப்பது மிகச் சிறியதாம், பெரிய அளவில் வேண்டுமாம்.

"முழுப்பக்கம்!" என்றார். "அடியில என் பேரு!" அன்று எனக்காகக் கூடத்து விளக்கைத் துடைக்கக்கூட ஒப்புக்கொண்டார். கூச்ச சுபாவம் காணாமல் போயிற்று.

படத்தை அனுப்பினார். மறுநாள் பேராசிரியை தொலைபேசியில் வந்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டு எங்களையும் கேட்கச் சொன்னார்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார். ஆனா ஆணைக் காணோமே?"

"எந்த ஆணை, மேடம்?"

"அந்தப் பெண் சிலந்திக்கு இடதுபக்கம் மேல, பழுப்பா, புள்ளி மாதிரி. அதுதான் அதோட ஜோடி. இந்த வகையில ஆண் ரொம்பச் சின்னது. ரெண்டும் சேர்ந்து இவ்வளவு தெளிவா இருக்கறதாலதான் முழுப்பக்கம் குடுத்தேன். குழுவுல போட்டதுல இருந்துதே?"

எங்கள் மூவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்துவிட்டது. எடுத்த அன்று குழுவில் போட்டது திருத்தாத படம். பிறகு 'அவசர'த்தின் தூசி துடைக்கும் கருவியை எடுத்து, வலையைப் பளிச்சென்று சுத்தம் செய்திருக்கிறார். தூசியோடு தூசியாகப் புருஷனையும் துடைத்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் தொலைபேசியை வைத்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"பழைய படம் இருக்குமேங்க? அசலை எதுவும் தொடாது, திருத்தினது தனியா இருக்கும்னு நீங்கதானே பாடம் நடத்தினீங்க?"

"மத்ததெல்லாம் தொடாது. 'அவசரம்' அது மேலயே எழுதிடும். எழுதட்டுமா, எழுதட்டுமான்னு ஒவ்வொரு படத்துக்கும் கேட்டு உயிரை எடுத்துச்சு. எல்லாத்துக்கும் சரின்னு ஒரே அமுக்கா அமுக்கிட்டேன்."

"பேக்கப் இருக்குமேப்பா?" என்றாள் மகள்.

இருந்தது. அந்த விஷயத்தில் அவர் கண்ணும் கருத்துமானவர். ஆண் இல்லாத படத்துக்கு மூன்று இடங்களில் பிரதி வைத்திருந்தார். அன்று எடுத்த மற்ற படங்கள் காற்றில் வலை ஆடியதில் மங்கிப்போயிருந்தன. அப்போது வெள்ளோட்டத்தில் இருந்த மென்பொருள் பெரிய கோப்புகளைத் திறக்கத் திணறியதால், கேமராவிலும் பெரிய அசல் பிரதி இல்லாமல் சாதாரணப் படம் மட்டும் பதியும்படி மாற்றி வைத்திருக்கிறார். குழுவில் போட்டதைப் பெரிதாக்கினால் ஆண் நான்கைந்து சதுரங்களாகச் சிதறினான்.

மகள்தான் வழி சொன்னாள். "வேற படத்துலேர்ந்து ஓர் ஆணை வெட்டி ஒட்டிடுங்கப்பா."

அவர் முதலில் முறைத்தார், பிறகு கணினி முன் உட்கார்ந்தார். ஒட்டுவதற்கு எது நல்லது என்று மறுபடி மென்பொருள் பார்க்கும் படலம் தொடங்கியது. ஒன்றில் நிழல் ஒத்துவரவில்லை, இன்னொன்றில் ஆண் அந்தரத்தில் மிதந்தான். கடைசியில் புதிதாக ஒன்றை இறக்கினார், அது பிரமாதமாக ஒட்டியது. நானும் மகளும் மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தோம், ஒட்டிய இடமே தெரியவில்லை.

"அருமைங்க! அனுப்புங்க" என்றேன்.

அவர் கை சுட்டியின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.

"என்ன யோசனை? யாருக்குத் தெரியப் போகுது?"

"இவன் வேற வலைக்காரன்" என்றார். "இவ இவனைச் சேர்த்துக்கிட்டான்னு நான் எப்படிச் சாட்சி சொல்றது? நாளைக்குப் படிக்கிற புள்ளைங்க இதைப் பார்த்துத்தானே நம்பும்?"

"முழுப்பக்கம் போயிடுமேங்க."

"போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வருஷக்கணக்கில் ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கிறது, இந்த மனிதர் சிலந்தியின் குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றுகிறார். சிலந்திப் பொம்பளைக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை எனக்குக் கொடுத்தால் என்ன என்று சத்தம் போட்டேன். அவர் ஒட்டிய படத்தை அழித்துவிட்டு, பேராசிரியைக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். ஆண் இருந்தது, தூசி என்று நினைத்து நான்தான் துடைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். அவ்வளவுதான் கடிதம்.

பதில் வரவில்லை. அவர் வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணினியில் இருந்த எல்லா வெள்ளோட்டங்களையும் ஒழித்துவிட்டுக் கரிச்சட்டியைக் காசு கொடுத்து வாங்கினார்.

"மஞ்சள் வெளுத்துத் தெரியுதுன்னீங்களே?" என்று கேட்டேன்.

"வெளுத்தா வெளுத்துட்டுப் போகுது. அசல் மேல கை வைக்காது" என்றார். இத்தனை வருஷப் படலம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

நாங்கள் பேராசிரியை விஷயத்தை மறந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மாலை தபாலில் கனமான உறை வந்தது. பிரித்தால் அந்தக் கையேடு. அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நானும் மகளும் புரட்டினோம். மஞ்சள் வலைச் சிலந்திக்கான முழுப்பக்கத்தில் வேறு யாரோ எடுத்த படம் இருந்தது, ஆண் இல்லாமல். அதற்கு எதிர்ப்பக்கத்தில், தபால்தலை அளவில், குழுவில் போட்ட அந்தச் சின்னப் படம். அந்த அளவில் அது சிதறாமல் தெளிவாக இருந்தது. இடதுபக்கம் மேலே ஏதோ அழுக்கு என்று நான் விரலால் துடைத்தேன்.

"அம்மா! அதுதாம்மா ஆணு!"

அவர் வந்ததும் புத்தகத்தை நீட்டினேன். வாங்கவில்லை. கையெல்லாம் கிரீஸாக இருந்தது. அதைக் கழுவவும் தோன்றாமல் என் முன்னால் நின்றார்.

"நீயே படி" என்றார்.

படித்தேன். "ஆணும் பெண்ணும் ஒரே வலையில். படத்தை எடுத்தவர்..." என்று அவர் பெயரை முழுசாகச் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"இன்னொரு தடவை" என்றார்.

படித்தேன்.