டார்ச் அக்காவின் ஐஸ்

மைதானத்துக்கு எதிரே ஜூஸ் கடை வைத்திருப்பவளுக்கு அந்தத் தெருவில் டார்ச் அக்கா என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் செருகியிருக்கும். மிக்ஸி நின்றாலும் குழாய் ஒழுகினாலும் ஆளைத் தேடமாட்டாள். டார்ச்சை அடித்து உள்ளே பார்ப்பாள். கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்ததும் உண்டு. அதன் பிறகுதான் திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கும் பழக்கம் வந்தது.

ஐஸ் வண்டி ஓட்டும் கொழுந்தனோடு அவளுக்கு ஒரு வாய்ச்சண்டை. ஐஸ் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது என்று இவள் சொல்ல, அப்படியென்றால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று அவன் சொல்ல, மறுமாதமே தானாக ஐஸ் செய்யும் ஃப்ரிட்ஜ் கடைக்கு வந்துவிட்டது. “இனி உன் ஐஸ் என் கடைப் படி ஏறாது தம்பி,” என்று நாலு பேர் முன்னால் சொல்லியும்விட்டாள்.

பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டத்தன்று காலையில் ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. சாயங்காலம் ஊரே கடை வாசலில் நிற்கும். ஐஸ் இல்லையென்றால் கொழுந்தனிடம்தான் போக வேண்டும். அதை நினைத்ததுமே அவளுக்குக் கை பரபரத்தது.

ஐஸ் பெட்டி நிறைந்தால் மேலே எழும்பி ஐஸ் செய்வதை நிறுத்திவிடும் கம்பி ஒன்று உண்டு; முதலில் அதைப் பார்த்தாள். கீழேதான் இருந்தது, அது நிறுத்தவில்லை. ஃப்ரீசரில் குளிர் குறையவில்லை. ஐஸ்கிரீம் கல்லாக இருந்தது. கணவரும் அவளுமாக ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்தார்கள். பின்பக்கம் தண்ணீர் வரும் ஹோஸ் எங்கும் மடங்கவில்லை. கழற்றி வாளியில் விட்டதும் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்தது.

“குளிக்க வச்சுட்டியே,” என்றார் அவர்.

“நல்லதுங்க. ஃப்ரிட்ஜ் வரைக்கும் தண்ணி ஒழுங்கா வருது.”

ஹோஸை மாட்டிவிட்டு, ஐஸ் அச்சுக்குத் தண்ணீர் விடும் சின்னக் குழாயில் டார்ச் அடித்தாள். அதன் வாயை வெள்ளையாக உறைபனி அடைத்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். பஞ்சை வெந்நீரில் தோய்த்துத் தோய்த்து ஒற்றியெடுக்க, பனிக்கட்டி ஒரு விரல் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கணவர் கைதட்டினார்.

அவள் தட்டவில்லை. ஏன் உறைந்தது என்று தெரியாமல் விட்டால் நாளைக்கும் உறையும். பிளக்கைச் செருகிவிட்டு, ஃப்ரிட்ஜ் கதவிலிருக்கும் குழாயில் டம்ளரைப் பிடித்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. பின்னால் பீய்ச்சிய தண்ணீர் முன்னால் ஏன் இப்படிச் சிணுங்குகிறது? இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: ஃபில்டர்.

“இதை எப்ப மாத்தினீங்க?”

“மாத்தறதா? வாராவாரம் ஜூஸ் வடிகட்டியோட சேர்த்து இதையும் பிரஷ் போட்டுத் தேய்ச்சு வைக்கிறேனே,” என்றார் அவர் பெருமையாக.

வந்த சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. அடைத்துக்கொண்டால் தூக்கிப் போட வேண்டிய பொருளை, அழுக்கு உள்ளே ஏற ஏற, மனிதர் வெளியே பளபளவென்று வைத்திருக்கிறார். நூலாக வந்த தண்ணீர் குழாயைத் தாண்டுவதற்குள் குளிரில் உறைந்திருக்கிறது. ஃப்ரிட்ஜோடு வந்த அடைப்பான் ஒன்று பையிலேயே கிடந்தது. ஃபில்டர் இல்லாதபோது அந்த இடத்தில் மாட்டினால் தண்ணீர் வெளியே ஒழுகாமல் நேராக உள்ளே போகும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதைத் திருகினாள். டம்ளர் சட்டென்று நிரம்பி வழிந்தது.

இனி காத்திருக்க வேண்டியதுதான். அச்சில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. பழம் நறுக்கினாலும் காது அங்கேயே இருந்தது. கடையில் ஐஸ் இல்லை என்ற செய்தி மத்தியானத்துக்குள் கொழுந்தனுக்குப் போய்விட்டது. வண்டியை வாசலில் நிறுத்தி, உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டான்.

“ஒரு மூட்டை இறக்கட்டுமா அண்ணி? படியில வைக்க மாட்டேன், ஜன்னல் வழியா குடுக்கறேன்.”

அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்குள் கடகடவென்று ஐஸ் விழுந்தது. ஓடிப்போய்த் திறந்தாள். எட்டுக் கட்டிகள். ஒவ்வொன்றும் முழுசு, கெட்டி. ஒரு தடவைக்கு எட்டுத்தான் என்றால் சாயங்காலத்துக்குள் எத்தனை டம்ளருக்குத் தேறும் என்று கணக்குப் போட்டாள். எதிரே மைதானத்தில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது.

எட்டையும் ஒரே டம்ளரில் போட்டு, எலுமிச்சை பிழிந்து கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

“குடிச்சுப் பாத்துச் சொல்லு.”

அவன் ஒரு கட்டியை வாயில் போட்டுக் கடித்தான். “கல்லு மாதிரி இருக்கு அண்ணி.”

“அது போதும்,” என்றாள். “இப்ப மூணு மூட்டை இறக்கு. படி வழியாவே கொண்டு வா.”