அய்யூப் கடையில் ஃபேன் நிற்கும்போது

ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் அய்யூப் ஃபிலிமைத் தொடுவார். கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைப்பார். ஈரத்துணியால் மேஜையைத் துடைப்பார். பிறகு கடையில் நிற்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். "செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பி மூச்சு விடுங்க. தூசி வந்து உக்காந்துச்சுன்னா ஆயுசுக்கும் போகாது."

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவர் கடை. எந்தப் படத்தையும் அட்டையில் ஒட்டித் தருவார். இரு பக்கமும் பசை உள்ள ஃபிலிம் அது. அதை அட்டையில் ஒட்டி, மேல்தாளை இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உரித்து, படத்தின் விளிம்பை உட்கார வைப்பார். இடது கை தாளை இழுத்துக்கொண்டே போகும். வலது கை, பனியன் துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டையால் அழுத்திக்கொண்டே போகும். நடுவில் நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் காற்று தங்கிவிடும். அழுத்தியதை உரித்தால் படம் கிழியும்.

"மூஞ்சியப் பாக்கக் கூடாது. ஓரத்தைத்தான் பாக்கணும்" என்பார். அதனால் ஊரில் பாதிப் பேர் முகத்தை நீவியும் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியாது. பரோட்டாக் கடை இலையைக்கூட நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவித்தான் விரிப்பார்.

பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் திரிகிற நான் அங்கே அடிக்கடி உட்காருவேன். போன வாரம் மம்சாபுரத்திலிருந்து பால்சாமி தாத்தா வந்தார். மூடிப்போன நூல் மில்லில் வேலை பார்த்தவர். கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம்; மில் வாசலில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிறார்கள். சுருண்டு, ஓரம் நொறுங்கத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய ஆட்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுகிறார்களாம்.

"காப்பி போட்டு ஒட்டுவோமா மாமா?" என்றார் அய்யூப்.

"காப்பிய வச்சு என்ன செய்ய? அம்புட்டுப் பேரும் தொட்டுப் பாத்த படம்லா இது. இதையே ஒட்டுலே. இது ஒண்ணுதான் இருக்கு, பாத்துக்க."

ஃபேன் நின்றது. பட்டை பாதிவரை வழுக்கிக்கொண்டு போனது. தாத்தாவால் அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஏலே அய்யூப், ரெண்டாவது வரிசையப் பாரு. தலையில பஞ்சோட நிக்காரு பாரு, ஒங்க அத்தாலே!"

அய்யூப் தன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டார். பட்டை நின்றது.

சுதாரித்து மீதியை ஒட்டி முடித்தார். ஆனால் அத்தாவின் கன்னத்தில் பட்டாணி அளவுக்குக் காற்று நின்றுவிட்டது. அவர் வீட்டில் அத்தா படம் என்று இருப்பது வாக்காளர் அட்டையில் உள்ள கிழவர் முகம் மட்டும்தான். இங்கே அத்தா அய்யூப்பைவிட இளையவர், சிரிக்கிறார்.

வழக்கமாக இதற்கு ஊசிதான். காலரில் குத்தியிருப்பதை எடுத்து ஒரு குத்து, ஒரு தேய்ப்பு. அன்றும் எடுத்தார். கன்னத்துக்கு மேலே கொண்டுபோனார். மறுபடி காலரிலேயே செருகினார்.

"குத்துலே. சின்னப் புள்ளையில நீ கடிச்ச கடியை விடவா வலிச்சிரப் போவுது?"

"ஏலாது மாமா."

கட்டைவிரலைக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். எங்களுக்கு வியர்த்து ஊற்றியது. ஃபேனைப் போடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"வேலை முடிஞ்சு வந்தா தலை பூரா பஞ்சா இருக்கும். நாந்தான் ஊதி விடுவேன். பொறவுதான் குளிக்கப் போவாரு" என்றார், விரலை எடுக்காமலே.

விரலை எடுத்தபோது கன்னம் சமமாக இருந்தது.

"போயிருச்சுலே!" என்று தாத்தா ஃபேன் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"செத்த இருங்க மாமா."

அய்யூப் படத்தின் மேல் குனிந்து, அந்தத் தலையில் இருந்த வெள்ளைப் பஞ்சை மெதுவாக ஊதினார்.