நெப்ராஸ்காவில் ஒரு மீன் சந்தை

இன்று காலை பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓர் அமெரிக்கப் பெண் என்னிடம் வழி கேட்டாள். இத்தாலிய மொழியில்தான், ஒவ்வொரு சொல்லாக யோசித்து எடுத்து வைத்தாள். சொன்னேன், போய்விட்டாள். அவள் மென்றுகொண்டிருந்த சூயிங்கத்தின் புதினா வாசம் மட்டும் போகவில்லை. அது என் நெப்ராஸ்கா வகுப்பறையின் வாசம்.

அங்கே நான் மண்ணியல் படித்தேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே சியாகுல்லி மந்தரின் தோடம்பழத் தோட்டங்களில் வேலை செய்தவர். ஒரு மரம் காய்த்துக் கொட்ட, பக்கத்து மரம் ஏன் சும்மா நிற்கிறது என்று வீட்டுக்கு வந்து கேட்பார். அந்தக் கேள்விதான் என்னை விமானம் ஏற்றியது என்று பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், கட்டணமில்லாமல் இடம் தந்த ஒரே பல்கலைக்கழகம் அதுதான். பதிலுக்கு நான் முதலாண்டு மாணவர்களுக்கு இத்தாலியப் பேச்சு வகுப்பு எடுக்கவேண்டும். விண்ணப்பத்தில் ஊர் பலெர்மோ என்று கண்டதும் முடிவெடுத்துவிட்டார்களாம்.

முதல்நாள் உள்ளே போய் நின்றேன். முன்வரிசையில் சூயிங்கம் மென்றபடி இருந்த டைலர் என்ற நெடிய பையன் பணிவாகக் கேட்டான்: “ஆசிரியை எப்போது வருவார்?”

“வந்துவிட்டார்” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த வகுப்புக்குப் பாதிப்பேர் வரவில்லை. உண்மையான இத்தாலிக்காரி வேண்டும் என்று யாரோ முறையிட்டிருந்தார்கள். மூன்றாவது வகுப்பை வந்து பார்ப்பதாக மொழித் துறைத்தலைவி சொன்னார். அந்த வேலை போனால் படிப்பும் போகும். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மொண்டெல்லோ கடற்கரை ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடித்தபடியே கதைத்தார்.

“அம்மா, என்னை இத்தாலிக்காரி இல்லையெண்டு சொல்லுகினம்.”

“இஞ்சையும் அப்பிடித்தானே சொல்லுறவை. அதுக்காக நீ பள்ளிக்கூடம் போகாமல் விட்டனியே?”

“பயமாக் கிடக்கு.”

“ஓம், கிடக்கும். சந்தையிலை மீன்காரனோடை கதைக்கிற மாதிரிக் கதை. உன்ரை வாய்க்கு அவனே பயம்.”

மூன்றாவது வகுப்பில் புத்தகத்தை மூடினேன். மேசையில் பேனாக்களைப் பரப்பி, இவை சாளை மீன் என்று அறிவித்தேன். எங்கள் பலெர்மோ சந்தைக்காரர்கள் போல் உயிரெழுத்தை இழுத்து ஒரு கூவல் விட்டேன். பிறகு டைலர் எழுந்து கூவினான், அவனோடு மற்றவர்களும். பக்கத்து வகுப்பில் கதவைச் சாத்தினார்கள். கடைசி வரிசையிலிருந்து துறைத்தலைவி எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நேரே மேசைக்கு வந்து, ஒரு பேனாவை எடுத்து முகர்ந்து, முகம் சுளித்து இத்தாலிய மொழியில் சொன்னார்: “இது நேற்றையது.”

இன்று காலை பிடித்ததுதான் என்று டைலர் தன் தாயின்மீது சத்தியம் செய்தான். இலக்கணம் முழுவதும் பிழை. கேட்க அவ்வளவு அழகு.

வராதவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு வருடம் எடுத்தேன். ஒருமுறை மிலானிலிருந்து வந்த பேராசிரியர் என் மாணவர்கள் பலெர்மோ மீன்காரர் போல் கதைப்பதைக் கேட்டுவிட்டு, “இந்தப் பிள்ளைகளை என்ன செய்தாய்?” என்று கேட்டார்.

அந்த வகுப்பு இப்போது இல்லை. மொழிகளைக் கைபேசியிலேயே படிக்கிறார்களாம். நான் பலெர்மோ திரும்பி, மண் பரிசோதனைக் கூடமொன்றில் இருக்கிறேன். சியாகுல்லித் தோட்டக்காரர்கள் பைகளில் மண்ணோடு வருகிறார்கள். புதிதாக வருபவர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். முன்பு அதற்கு நீளமான ஒரு பதில் வைத்திருந்தேன். யாழ்ப்பாணம், போர், அப்பா வந்த வழி, வதிவிட அனுமதிக்கு நின்ற வரிசைகள் எல்லாம் அதில் உண்டு. எப்போது அது என்னைவிட்டுப் போனதென்று தெரியவில்லை. “இந்த ஊர்தான்” என்கிறேன். பையைத் திறக்கிறேன்.