ஆறக்கூடாத புண்

எங்கள் வீட்டில் கண் என்றால் என் மனைவியின் கண்தான். என்னுடையவை தடித்த கண்ணாடிக்குப் பின்னால் ஒண்டுக்குடித்தனம் இருப்பவை. மாவட்டம் பிரிந்த வருஷம் வேங்கிக்காலில் குடியேறினோம். அன்றிலிருந்து கார்த்திகைதோறும் மாடியில் நின்று, மலையுச்சியில் தீபம் துளிர்த்ததும் முதல் குரல் கொடுப்பவள் அவள். நான் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும்.

"இன்னாங்க, இன்னுமா தேடுறீங்க? மலை அங்கயேதான் இருக்கு, எங்கயும் போவல."

தீபம் தெரிந்தால் கண் நன்றாக இருக்கிறது என்பது எங்கள் தெருவின் மருத்துவம். வருஷத்துக்கு ஒருமுறை, இலவசம், பரிசோதிப்பவர் சாட்சாத் அண்ணாமலையார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊர் அவளை இடிக்கத் தொடங்கியது. கிரிவலத்தில் அடி அண்ணாமலையைத் தாண்டுவதற்குள் யாராவது இடப்பக்கமாக வந்து மோதிவிடுவார்கள். "எங்கிருந்துதான் மொளைக்கிறானுங்களோ! ஜனம் ஜாஸ்தி ஆயிடுச்சு, மரியாதை கம்மி ஆயிடுச்சு" என்று திட்டியபடியே நடப்பாள். நானும் தலையாட்டினேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வேன்கள் பெருகி, செருப்புகள் பெருகி, மலையைச் சுற்றி மனிதர்கள் மாவாட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நோய்க்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. வீட்டில் இடப்பக்கம் வைத்த டம்ளர்கள் உருண்டன. அதற்குக் கூட்டத்தைச் சொல்ல முடியாது. வீட்டில் இருந்த கூட்டம் நான் ஒருவன்தான்.

என் கண்ணாடியை மாற்ற ஒருநாள் கண் டாக்டரிடம் போனோம். துணைக்கு வந்தவள் சுவரிலிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியை எனக்காகப் படித்தே காட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டு, "நீங்களும் உட்காருங்கம்மா, சும்மா பார்த்துடலாம்" என்றார். நீல வெளிச்சத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். சிரிப்பு நின்றது. எனக்குப் புதுக் கண்ணாடி, அவளுக்குப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு.

அங்கே ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்தபடி, ஓரத்தில் வெளிச்சம் மினுக்கினால் பொத்தானை அமுக்க வேண்டும். அவள் கண்ணை உருட்டி வெளிச்சங்களை வேட்டையாடினாள்.

"அக்கா, நடுவுல பாருங்க" என்றான் சோதனை செய்த பையன்.

"லைட்டு அங்க எரியுதுப்பா. நான் இங்க இன்னாத்துக்கு பார்க்கணும்?"

இருந்தும் இடக்கண்ணின் படம் ஓரமெல்லாம் கறுத்து வந்தது. நடுவில் மட்டும் சின்ன வெளிச்சத் தீவு. மலைத்தீபமும் பலகையின் கடைசி வரியும் வசதியாக உட்கார அது போதும். வலக்கண் தப்பியிருந்தது, ஆனால் மூக்கைத் தாண்டி இடக்கோடி வரை அதற்கு எட்டாது.

"எனக்கு எங்கயும் கறுப்பா தெரியலயே, டாக்டர்?"

"தெரியாதும்மா. போன இடம் போன மாதிரியே தெரியாது. அதான் க்ளாக்கோமாவோட கெட்டிக்காரத்தனம்."

கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும், வடியும் வழி அடைபட்டால் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசுங்கும் என்று டாக்டர் விளக்கினார். கீழ்பென்னாத்தூரில் ஏரிக்கரை வயலில் வளர்ந்தவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொட்டுமருந்து நீர்வரத்தைக் குறைக்கும், சிலருக்கு லேசர் மதகைத் திறந்துவிடும், இரண்டும் போதாவிட்டால் வெள்ளை விழியில், மேலிமைக்கு அடியில், புதிதாக ஒரு வழி வெட்ட வேண்டும். அதுவும் தூர்ந்தால் குழாய் வைப்பதும் உண்டு.

சொட்டுமருந்து சில வருஷம் தாங்கியது. பிறகு அழுத்தம் மறுபடி ஏறியது. ஆபரேஷன் என்றார்கள்.

"பண்ணிக்கிட்டா போனது வருமா?"

"வராதும்மா. இருக்கிறது நிக்கணும், அதுக்குத்தான்."

அவள் எழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கண்புரை எடுத்துக்கொண்டு வந்து, மருமகளின் புடவையில் கறையெல்லாம் தெரிகிறது என்று பூரித்துக்கொண்டிருந்த சமயம். "கண்ணை வெட்டிக்கினு வந்து, முன்ன மாதிரியே தெரியுதுன்னு சொல்லணுமா? நான் வரல" என்றாள். பஸ் முழுக்க அதே பேச்சு. நிற்கிற பார்வை எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி மட்டும் இருவருக்கும் நடுவில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்து வந்தது.

அந்தக் கார்த்திகை. மாடியில் அவள் வலப்பக்கம் பக்கத்து வீட்டுக்காரி. நான் கீழே போய்க் கண்ணாடி துடைக்கத் துணி எடுத்து வந்து, அவளுக்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி நின்றேன். மலை தீப்பற்றிய பூப்போல ஒருமுறை சிலிர்த்தது. "அதோ!" என்றாள். வழக்கம்போல முதல் குரல்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் கீழயே இருந்துட்டாரு பாரு. தீபம் தெரியலன்னு சொல்ல வெட்கம். கண்ணாடிக்கு மேல கண்ணாடி போட்டாலும் அந்த மனுஷனுக்கு எதிர்ல இருக்கிறது தெரியாது."

"அய்யோ அக்கா, அண்ணன் உன் பக்கத்துலதானே நிக்கிறாரு!"

"சும்மா வெளையாடாத."

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். முழுதாக, மெதுவாக. என்னைப் பார்த்தாள். மறுபடி மலையைப் பார்த்து, என்னை இல்லாமல் ஆக்கினாள். மறுபடி திரும்பி உண்டாக்கினாள். தெருவெங்கும் அரோகரா. அவள் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது.

"பாண்டிக்கு காலைல எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

ஆபரேஷன் நடந்தது. உலகத்தில் மற்ற எல்லாப் புண்ணும் ஆற வேண்டும். இது மட்டும் முழுக்க ஆறிவிட்டால் வெட்டிய வழி மூடிக்கொள்ளும். ஆறாமலிருக்க அங்கேயே ஒரு மருந்தைத் தடவுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி கோயில் விபூதியோடு வந்தாள்.

"புண்ணு சீக்கிரம் ஆறணும்னு வேண்டிக்கினேன்க்கா."

"அடிப்பாவி! போய் மாத்தி வேண்டிக்கினு வா. ஆறக்கூடாது."

அண்ணாமலையார் குழம்பியிருக்க வேண்டும். ஆனாலும் வழி திறந்தே நின்றது. சில வாரம் மங்கலாயிருந்த பார்வை பழைய இடத்துக்கு வந்து நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "இப்ப நல்லா தெரியுதா?" என்றார்கள். "முன்ன தெரிஞ்ச மாதிரியே தெரியுது" என்றாள். ஆப்பிள் வாங்கி வந்தவர்களின் முகம் தொங்கியது. அவள் முகம் தொங்கவில்லை.

அடுத்த கார்த்திகையிலும் மாடிக்குப் போனோம். வழக்கமான இடத்தில், அவளுக்கு இடப்பக்கம் நின்றேன். அவள் கையை நீட்டித் துழாவி, என் முழங்கையைப் பிடித்து இழுத்து வலப்பக்கம் நிறுத்தினாள்.

"இங்க நில்லுங்க. அந்தப் பக்கம் நின்னா உங்களை யாரு பார்க்கிறது?"

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அதோ!" என்றாள்.